மனோகரன் முடித்த முன் சக்கரங்கள்

சீனப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, பசியாறிவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவர் என் மாமனார். எது தேவையென்றாலும் அவர் என் மனைவி வசந்தியைத்தான் அழைப்பார். என் எண் அவரிடம் இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்கு உறுதியாயிற்று.

"வாத்தியாரே, மனோ போயிட்டாரு. ஆஸ்பத்திரியிலேருந்து இப்பத்தான் கோகிலா போன் பண்ணுச்சு. இங்க காடி போர்ச்சுல டயர் இல்லாம நிக்குது. நீங்க வாங்க."

மரணச் செய்தியையும் காரின் நிலையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மனோகரனைத் தெரிந்த எவருக்கும் அது விபரீதமாகப் படாது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈப்போவில் பல் மருத்துவராக இருந்த டாக்டர் மனோகரன் என் சகலை. என் மனைவியின் தங்கை கோகிலாவின் கணவர். என்னைவிடச் சற்று இளையவர். அவரிடம் ஒரு நீல நிற ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சக்கரத்தை அழுத்திப் பிடித்து நிறுத்தும் அதன் பிரேக் பேட்களை எந்த வர்க்‌ஷாப்பிலும் கொடுத்து மாற்றமாட்டார். தன் வீட்டு போர்ச்சில், தன் கையாலேயே மாற்றுவார். அன்று அந்த வேலையில் இருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர் வீட்டு வோங் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினார். மருத்துவமனை வாசல்வரை மனோ பேசிக்கொண்டே போனாராம். அதற்குப் பிறகு பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று கோகிலா கேட்டுக்கொண்டாள்.

"நீங்கதான் நல்லா எழுதுவீங்க, அத்தான். உங்க மனசுல பட்டத எழுதுங்க. ஒண்ண மட்டும் மறக்காம போடுங்க. அந்த பிரேக் வேலைய முழுசா முடிச்சிட்டுத்தான் அவரு ஒக்காந்தாரு. எதையும் பாதியில விட்டவரு இல்ல. அந்த வரி கண்டிப்பா வரணும்."

அந்த வரி உண்மையல்ல. அது உண்மையல்ல என்பதை அறிந்தவர்கள் மூவர். ஒருவர் என் மாமனார். இன்னொருவர் நான். மூன்றாமவரான வோங்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்த வரியை எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலேயே இதைத் தொடங்குகிறேன்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மனோவின்மேல் பொறாமை உண்டு. 'உண்டு' என்றுதான் எழுதுகிறேன். அவர் இறந்ததால் அது இறந்தகாலத்துக்குப் போய்விடவில்லை. இந்த மலரில் மற்றவர்கள் அன்பைப் பற்றி நிறைய எழுதியிருப்பார்கள். பொறாமைப்படுகிறவன் ஒருவரைக் கவனிக்கும் அளவுக்கு அன்பு செலுத்துகிறவர்கள் கவனிப்பதில்லை. ஆகவே என் சாட்சியத்துக்கும் இங்கே இடம் இருக்க வேண்டும்.

அவரை நான் முதலில் பார்த்தது அவர்களுடைய நிச்சயதார்த்தத்தன்று. அப்போது அந்த வீட்டுக்கு நான் ஒருவன்தான் மருமகன். என் மாமனார் ரப்பர்த் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய பழைய வெள்ளைக் காரை நான்தான் ஓட்டுவேன். கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் அவரை ஏற்றிப் போவேன். பிரேக்கை மிதித்தால் கீச்சென்று கத்தும். வர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள் என்று நானும் சொல்லியிருந்தேன். சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

விருந்து முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையைக் காணவில்லை. பட்டு ஜிப்பாவோடு காரின் பக்கத்தில் குந்தியிருந்தார். பல்லைப் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைச் சக்கரத்தின் இடுக்கு வழியாக விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு அந்தக் கண்ணாடியோடு வந்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"மாமா, பேட்டு அட்ட மாதிரி ஆயிருச்சு. இரும்பு இரும்பத் திங்குது. நாளைக்கு வாரேன்."

மறுநாள் வந்தார். மாற்றினார். கத்தல் நின்றது. அன்றிலிருந்து அவர் 'மாப்பிள்ளை', நான் 'வாத்தியாரே'. மூத்த பெண்ணைக் கட்டியவன் நான். அந்த வெள்ளைக் கார் என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்தப் பெயர்கள் மட்டும் மாறவில்லை.

என் தாயாருக்குப் பற்கள் விழுந்த காலத்தில் மனோதான் பல் செட்டு செய்து கொடுத்தார். அதற்கு முன்னால் அம்மா யாராவது படம் எடுத்தால் வாயைப் பொத்திக்கொள்வார். பிறகு எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் வாய் நிறையச் சிரிக்கிறார். யார் வீட்டுக்கு வந்தாலும், "என் மவனோட சகல வெச்ச பல்லு" என்று கடித்துக் காட்டுவார். அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தது, வீடு கட்டிக் கொடுத்தது, கடைசிவரை கூட வைத்திருந்தது எல்லாம் நான். ஆனால் இன்று என் வீட்டுச் சுவரில் இருக்கும் அம்மாவின் சிரிப்பு மனோ செய்தது.

நீலக் கார் வந்தது அதற்குப் பிறகு. இரண்டே கதவு, பின்புறம் இறக்கை, மிதித்தால் விசில் அடிக்கும் டர்போ. ஜப்பானிலிருந்து பழையதாக வந்து இறங்கியது. குடும்பத்தில் ஒவ்வொருவராக அதில் ஏறி ஒரு சுற்று போய் வந்தார்கள். வசந்தியும் போனாள். திரும்பி வந்து எங்கள் காரில் உட்கார்ந்தவள், "நம்ம காடியில ஏறுனாலே தூக்கம் வருதுங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது இன்னும் நினைவிருக்கிறது.

தன் வாய்க்குள் இன்னொரு மருத்துவர் கையை விடுவதற்கே தயங்கும் மனிதர் அவர். காரின் பிரேக்கை இன்னொருவர் தொட விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளினிக்கின் நீலக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு தொடங்குவார். காரைத் தூக்குவதற்கு முன்பே சக்கர நட்டுகளை லேசாகத் தளர்த்துவார். தூக்கியதும் இரும்புக் கால்களை அடியில் கொடுத்து, இடுப்பால் ஒரு இடி இடித்து அசைகிறதா என்று பார்ப்பார். சக்கரத்தைக் கழற்றினால் பளபளக்கும் வட்டத் தட்டு தெரியும். அதைக் கவ்விக்கொண்டிருக்கும் கேலிப்பர் தெரியும். கேலிப்பரின் குறுக்கே இருக்கும் ஊசிகளைத் தட்டி எடுத்துவிட்டால் தேய்ந்த பேட்டை மேலாக உருவிவிடலாம். உருவியதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்திருப்பவர்களுக்கெல்லாம் ஒரே வசனத்தைச் சொல்வார்.

"பல்லு மாதிரிதான் லா இது. தேயறது அது வேல. எட்டிப் பாக்கறது நம்ம வேல."

ஒவ்வொரு முறையும் எல்லாரும் முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பார்கள். நான் வகுப்பில் ஒரு வேடிக்கையை இரண்டாம் முறை சொன்னால் பின்வரிசை கொட்டாவி விடும்.

பேட் மாற்றும்போது பழைய பிரேக் எண்ணெயையும் மாற்றுவது அவர் வழக்கம். அதற்கு உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க ஒரு ஆள் வேண்டும். வெளியே அவர் சிறு திருகைத் திறக்கும்போது மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். அவர் மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்துவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"மிதிங்க சகல."

மிதித்தேன்.

"புடிச்சிக்குங்க... புடிச்சிக்குங்க... ம், விடுங்க."

விட்டேன். காலை முழுக்க இதுதான். நான் பட்டதாரி ஆசிரியன். இரண்டு மொழிகளில் பாடம் நடத்துகிறவன். கண்ணாடிக்கு வெளியிலிருந்து வரும் குரலுக்குக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தேநீர் கொண்டுவந்த கோகிலா, "ஏங்க, அத்தானப் போயி இப்படி ஒக்கார வெச்சிட்டீங்க? நான் மிதிக்க மாட்டேனா?" என்றாள்.

"நீ மிதிச்சா போன் வந்தா காலத் தூக்கிருவ. எனக்குச் சகல காலு ஒண்ணுதான் நம்பிக்க. சொன்னாத்தான் மிதிப்பாரு, சொன்னாத்தான் விடுவாரு. இந்த மாதிரி காலு ஈப்போவுல கெடைக்காது!"

வசந்தி சிரித்தாள், கோகிலா சிரித்தாள், மாமனார் சிரித்தார். அது பாராட்டா கிண்டலா என்று நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். இரண்டும்தான். ஒரு மனிதனின் தலையைப் பாராட்டாமல் காலைப் பாராட்டுவது மனோவுக்கு மட்டுமே வரும். ஆனாலும் அடுத்த முறை அவர் கூப்பிட்டபோது போனேன். அதற்கடுத்த முறையும் போனேன். ஒருமுறை அவர் கூப்பிட மறந்துவிட்டார். அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

பிற்காலத்தில் மனோ வீட்டோடு வந்துவிட்ட மாமனாருக்கு எந்தப் புதுப் பொருளானாலும் சாமி அறையில் வைத்துக் கும்பிட்டுச் சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். தோட்டத்தில் ஆயுத பூசையன்று தட்டச்சு இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தவர் அவர். ஒருமுறை மனோவின் புதுப் பேட்களைச் சாமி அறைக்குக் கொண்டுபோய், தட்டைக் கவ்வும் கருப்பு முகத்திலேயே குழைத்துக் குழைத்துச் சந்தனம் வைத்துவிட்டார். மனோ கவனிக்காமல் அப்படியே மாட்டிவிட்டார். மாலையில் கார் தெருமுனையில் திரும்பியபோது எழுந்த ஓலத்தைக் கேட்டு வோங் வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

நானாக இருந்தால் பெரியவரை உட்கார வைத்து, உராய்வு என்றால் என்ன என்று விளக்கியிருப்பேன். மனோ எல்லாவற்றையும் மறுபடி கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்தார். பிறகு பெரியவரைக் கூப்பிட்டு, "மாமா, இனிமே முதுகுல வைங்க. மூஞ்சியில வெச்சா அதுக்குக் கூச்சமா இருக்கு" என்றார். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பேட்டின் பின்பக்க இரும்பில் ஒழுங்காகப் பொட்டு வைத்துத் தட்டில் கொண்டுவந்து கொடுப்பார். தவற்றைத் திருத்திக்கொண்டவரைப்போல அல்ல, பதவி உயர்வு பெற்றவரைப்போலக் கொண்டுவருவார். இப்படி ஒருவரைத் திருத்த எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகள் திருத்துவதையே தொழிலாகச் செய்திருக்கிறேன்.

புதுப் பேட்டை மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. ஆளில்லாத நேர்ச்சாலையில் வேகமெடுத்து, ஓங்கி மிதித்து, முழுதாக நிற்காமல் மறுபடி வேகமெடுக்க வேண்டும். அப்படித் திரும்பத் திரும்பச் செய்தால்தான் பேட்டும் தட்டும் ஒன்றோடொன்று பழகும். அதற்கு மனோ தேர்ந்தெடுத்த சாலை ஈப்போவுக்கு வெளியே லகாட்டைத் தாண்டி உள்ளே போகிறது. இருபுறமும் இப்போது செம்பனை. முன்பு அது ரப்பர்த் தோட்டம். என் தகப்பனார் அங்கே பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார். நான் பிறந்த தொழிலாளர் லயம் அந்தச் சாலையின் ஓரத்தில்தான் இருந்தது. நகரத்தில் பிறந்து வளர்ந்த மனோவுக்கு அது பிரேக் பார்க்கும் இடம்.

ஒருமுறை நானும் கூடப் போனபோது, தோட்ட வாசலில் இருந்த காவலாளி காரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"டாக்டர்! இன்னிக்கி பிரேக்கா? போங்க போங்க, லோரி ஒண்ணும் வரல. கூட யாரு, புது ஆளா இருக்காரு?"

"இவரா? இந்தத் தோட்டத்துக்கே சொந்தக்காரரு. எனக்குப் போட்ட சலாம மொதல்ல இவருக்குப் போடுங்கண்ணே!"

காவலாளி வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தார். மனோ வேடிக்கையாகத்தான் சொன்னார். அந்த இடத்தில் என் தொப்புள்கொடி புதைந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பிறந்த இடத்துக்கு அவருடைய விருந்தாளியாகப் போனேன்.

அவர் ஓங்கி மிதித்தபோது உடம்பு முன்னால் பாய்ந்து பெல்ட்டில் தொங்கியது. செம்பனை மரங்கள் எல்லாம் ஒரே இழுப்பில் நின்றுவிட்டதுபோல இருந்தது. சூடேறிய இரும்பின் வாசம் உள்ளே வந்தது.

"என்ன சகல, பயமா?"

"பசிக்குது" என்றேன்.

உண்மையில் எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு முறை செய்யமாட்டாரா என்று இருந்தது. அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

தலைமையாசிரியர் பதவி எனக்குத்தான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டில், அது என்னைவிட அனுபவம் குறைந்த ஒருவருக்குப் போயிற்று. வீட்டில்கூட நான் வாய் திறக்கவில்லை. மனோவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் கிளினிக் பக்கத்திலிருந்த பாய் நடத்தும் மாமாக் உணவுக்கடையில் நீளமாக மேசை போட்டு எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். தே தாரேக் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"எங்க சகலைக்குப் போஸ்டிங் கெடைக்கலன்னு நாங்க ஏன் அழணும்? இவரு கெடைக்காதது அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் நட்டம் லா! சாப்புடுங்க எல்லாரும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். கடைக்கார பாய்கூடத் தட்டினார். மனத்தோடுதான் சொன்னார். அவரிடம் கோபப்பட முடியாதபடி எப்போதும் மனத்தோடுதான் எல்லாம் செய்வார். நான் யாருக்கும் தெரியாமல் தோற்றுவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். அந்தத் தோல்வியும் அவருடைய தாராளத்துக்கு ஒரு சாட்சியாக ஆகிவிட்டது. அந்த இரவுச் சாப்பாட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி அந்த நாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கார் போர்ச்சை அடைத்துக்கொண்டு நின்றது. பேட் மாற்றி முடித்த முன் சக்கரங்கள் தரையில், செங்கல் அண்டக்கொடுத்து இருந்தன. பின்புறம் இரும்புக் கால்களின்மேல் தூக்கி நின்றது. பின் சக்கரங்கள் இரண்டும் புல்லில் கிடந்தன. மருத்துவமனையிலிருந்து கோகிலா தொலைபேசியில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவரை வீட்டு போர்ச்சில்தான் கிடத்த வேண்டும், வேறு எந்த மண்டபத்திலும் வேண்டாம். வீட்டுக்குள்ளே பெட்டி திரும்பாது. மதியத்துக்குமேல் உடலைத் தந்துவிடுவார்கள். பெருநாள் என்பதால் ஊரில் ஒரு வர்க்‌ஷாப் திறந்திருக்கவில்லை, காரை இழுத்துப்போகும் லோரிக்காரர்கள் யாரும் போனை எடுக்கவில்லை.

வோங் மருத்துவமனையிலிருந்து திரும்பி, சிவப்புச் சட்டையை மாற்றி வெள்ளை போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் யாரும் பட்டாசு வெடிக்க வேண்டாம் என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அழுத கண்கள். சக்கரங்களை மட்டும் மாட்டித் தள்ளிவிடலாம், கைப்பிரேக் இருக்கிறது, பேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மலாயில் சொன்னார். நல்ல யோசனைதான். நான் மறுத்துவிட்டேன். போர்ச் தெருவைப் பார்த்துச் சரிவாக இறங்குகிறது. கொட்டகை போடுகிறவர்கள் நடமாடுகிறார்கள். பேட் இல்லாமல் யாராவது பழக்கத்தில் பெடலை மிதித்துவிட்டால் கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வந்து எண்ணெய் முழுக்கக் கொட்டிவிடும். இவை நான் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம், அந்த வேலையை நான் செய்ய விரும்பினேன்.

மாமனார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"பாதியில நிக்கற காடிய வெளிய தள்ளக்கூடாது வாத்தியாரே. நீங்க முடிச்சிருங்க."

என் திருமணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேரடியாக வாய் திறந்து கேட்ட முதல் உதவி அது.

எனக்கு வேலை தெரியும். காலுக்காகக் கூப்பிடப்பட்டவன்தான், ஆனால் கண்ணையும் கூடவே கொண்டுபோயிருந்தேன். மனோவின் கையுறைகளைப் போட்டுக்கொண்டேன். அவருடைய விரல்கள் என்னுடையவற்றைவிட நீளம். ஒவ்வொரு நுனியிலும் கொஞ்சம் காற்று நின்றது. புதுப் பேட்கள் சாமி அறையில் தட்டில் இருந்தன. காலையிலேயே பெரியவர் முதுகில் பொட்டு வைத்திருந்தார். துடைக்கவில்லை, அப்படியே எடுத்துவந்தேன்.

இடப்புறம் ஊசிகளைத் தட்டி எடுத்து ஒரு மூடியில் போட்டு, பழைய பேட்டையும் மனோ ஏற்கெனவே உருவியிருந்தார். வலப்புறம் கைபடவில்லை. புதுப் பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டன்களை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். தள்ளும்போது எண்ணெய் மேலேறி, முன்னால் இருக்கும் குப்பியிலிருந்து வழியும். வழிந்தால் பெயிண்டைத் தின்றுவிடும். அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். மாமனாரிடம் டார்ச்சைக் கொடுத்து நிறுத்தினேன்.

"ஏறுது வாத்தியாரே."

"எவ்வளவு?"

"கோட்டுக்குக் கீழ... ஏறுது... கோட்டுக்கு வந்துருச்சு. நிப்பாட்டுங்க!"

மனோவின் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று பெட்டியில் இருந்தது. கொஞ்சம் உறிஞ்சி எடுக்கச் சொன்னேன். உறிஞ்சினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. அழுதுகொண்டேதான் நின்றார். அளவைச் சொல்லும்போது மட்டும் குரல் அலுவலகக் குரலாக இருந்தது. நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து எதையும் செய்ததில்லை.

வலப்புறத்தில் உள்பேட்டையும் வெளிப்பேட்டையும் முதலில் இடம் மாற்றி வைத்துவிட்டேன். ஊசி நுழைய மறுத்ததும் புரிந்தது. கழற்றி மாற்றினேன். சக்கரங்களை மாட்டி, காரை இறக்கி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினேன். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். பிஸ்டனைத் தள்ளிய பிறகு பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டிப்படுத்தாமல் காரை அசைக்கக்கூடாது. முதல் மிதியில் பெடல் அடிவரை போயிற்று. மறுபடி மிதித்தேன். கண்ணாடி திறந்திருந்தது. வெளியிலிருந்து சொல்ல யாரும் இல்லை. நானாகவே மிதித்தேன், நானாகவே விட்டேன். கொஞ்ச நேரத்தில் பெடல் பாறையைப்போல நின்றது.

பின்னால் எடுத்துச் சரிவில் இறக்கி, தெருவைக் கடந்து வோங் வீட்டு வாசல் சரிவில் ஏற்றி நிறுத்தினேன். இம்மியும் இழுக்காமல், கத்தாமல் நின்றது. வேலை ஒழுங்காகவே நடந்திருந்தது. போர்ச்சைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது உடல் வந்த வண்டி தெருமுனையில் திரும்பியது.

அதன்பிறகு கூட்டம். மனோ பல் பிடுங்கியவர்கள், பல் கட்டியவர்கள், காரில் ஒரு சுற்று போனவர்கள், லகாட் பக்கத்துக் காவலாளி. மாமனார் பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னார்.

"காலையில நாலு சக்கரத்து பிரேக்கும் முடிச்சிட்டுத்தான் ஒக்காந்தாரு. டயர் மாட்டறதுதான் பாக்கி. பாதியில விடற ஆளா அவரு?"

முதலில் தடுமாற்றம் என்று நினைத்தேன். பிறகு நான் பக்கத்தில் நிற்கும்போதே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னொருவரிடம் அதையே சொன்னார். கோகிலா அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அன்று உட்கார்ந்திருந்தாள். யாராவது அதைச் சொல்லும்போதெல்லாம் தலையசைத்தாள்.

தகனம் முடிந்து திரும்பும்போது பெரியவர் என் காரில் வந்தார். நாங்கள் இருவர் மட்டும்.

"மாமா, பின்னால ரெண்டும் நான் போட்டது."

"தெரியும் வாத்தியாரே. நாந்தானே லைட்டு புடிச்சேன்."

"பொறவு ஏன் அப்படிச் சொல்றீங்க?"

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் சொன்னார்.

"நீங்க இருக்கீங்க. உங்களுக்கு இன்னும் எவ்வளவோ வேல வரும், செய்வீங்க. அவருக்கு அதுதானே கடைசி. அதையும் பாதின்னு சொல்லி அனுப்பணுமா?"

நியாயமான பதில். அதனால்தான் எனக்கு ஆறவில்லை. உயிரோடு இருக்கிறவன் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த நியாயம். மனோ இருந்தபோதும் விட்டுக்கொடுத்தேன். இப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டுமாம்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. கோகிலா, நீ கேட்ட வரியை என்னால் இப்படித்தான் எழுத முடியும்.

முன் சக்கரங்கள் இரண்டையும் மனோகரன் முடித்தார். அவர் முறுக்கிய நட்டுகளை நான் மறுபடி முறுக்கிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. பின் சக்கரங்கள் இரண்டையும் நான் முடித்தேன். உன் அப்பா விளக்குப் பிடித்தார்.

உன் அப்பாவிடம் கோபித்துக்கொள்ளாதே. உனக்காக அவர் என்னைக் கொஞ்சம் அழித்துவிட்டார், அவ்வளவுதான். மனோ பாதியில் எழுந்து போனார் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இத்தனை ஆண்டுகள் ஒருவனைப் பக்கத்தில் வைத்து மிதிக்கச் சொல்லி, விடச் சொல்லி, எல்லாவற்றையும் பார்க்க விட்டிருந்தார். மீதியைச் செய்ய ஆள் இல்லாமல் அவர் போகவில்லை. ஆனால் அந்த ஆள் யார் என்று ஓர் இடத்திலாவது எழுதியிருக்க வேண்டும் அல்லவா?

அன்று பிற்பகல் கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒருமுறை தெருவைப் பார்த்தேன். கொட்டகைக்குக் கீழே பெட்டியில் மனோ படுத்திருந்தார். எதிரே, வோங் வீட்டு வாசலில், நீலக் கார் சரிவில் மூக்கைத் தாழ்த்தி நின்றது. வந்தவர்களில் பாதிப் பேர் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தெருவைக் கடந்து போய்க் காரையும் தொட்டுவிட்டுப் போனார்கள். எல்லாரும் முன்பக்கத்தைத்தான் தொட்டார்கள்.

ஓடும் காரை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரங்களின் பிரேக்குடையது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதிலும் பெரிய பங்கை அவரே எடுத்துக்கொண்டார்.

எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. போய் வாருங்கள், சகலை.